காட்டுக்கரடியைப் படம் எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று நம்மவர்கள் இருக்கும் பகுதிகளில் கேமராவும் கையுமாக அலையும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஏரிக்கரையில் பறவை எடுத்துப் பழகி, கபினிக்குப் போய் யானை, சிறுத்தை என்று வளர்ந்து, ஒரு கட்டத்தில் எல்லோரும் கரடியில் வந்து நிற்கிறார்கள். புலியை எடுக்கப் போகிறவர் சஃபாரி வண்டியை விட்டு இறங்குவதில்லை, இறங்கவும் விடமாட்டார்கள். கரடி விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை நாம் டிபன் பொட்டலத்தோடு ஏறுகிற அதே பாறைக்குன்றில்தான் அதுவும் குடியிருக்கிறது. அதனால்தான் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். இங்கே கரடி என்று சொல்வதெல்லாம் தென்னிந்தியக் காடுகளில் உள்ள ஒரே கரடி இனமான தேன்கரடியைத்தான்: சடைசடையாகக் கறுப்பு முடி, வெளிறிய நீண்ட மூக்கு, மார்பில் வெள்ளைப் பட்டை.

பெங்களூரிலிருந்து போய்வர, கரடியை நம்பிப் போகக்கூடிய இடம் எது?

தரோஜி. ஹம்பிக்குப் பக்கத்தில் கமலாபுரத்தைத் தாண்டி இருக்கிறது. கரடிக்கென்றே 1994-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். பிறகு விரிவாக்கி, இப்போது சுமார் 83 சதுர கிலோமீட்டர். பெரிய காடு என்று நினைத்துப் போகாதீர்கள். உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த குன்றுகளும் முள்புதர்களும்தான். அந்தப் பாறை இடுக்குகள்தான் கரடிக்கு வீடு. புதர்க்காட்டின் கரையானும் எறும்பும் இலந்தைப் பழமும் அதற்குச் சாப்பாடு.

இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹொசப்பேட்டையில் இறங்கலாம். காலைப் பொழுதை ஹம்பியில் கழித்துவிட்டுப் பிற்பகலில் சரணாலயத்துக்குப் போனால் சரியாக இருக்கும். உள்ளே ஒரு கண்காணிப்புக் கோபுரம் உண்டு. அங்கிருந்து எதிரே உள்ள பாறைச் சரிவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். முதலில் கீரிகள் வரும், மயில் வரும். புள்ளி போட்ட உடம்போடு வண்ணச் சுள்ளான்கோழி (Painted Spurfowl) ஜோடியாக வந்து கிளறும்; அதை எடுக்கவென்றே வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு. வெயில் சாய்ந்த பிறகு, பாறை நிழல் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பு அசையும்.

கோபுரத்தில் உங்களோடு இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். அங்கே சத்தமாகப் பேசுவதும் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவதும் மற்றவர்களின் பொழுதையும் சேர்த்துக் கெடுக்கும்.

தரோஜியில் பாறையில் வெல்லம் பூசி வைப்பார்களாமே? அது சரியா?

கரடி வெளியே வர, வனத்துறை ஊழியர்கள் பாறைகளில் வெல்லமும் தேனும் கலந்து பூசுவது அங்கே பல ஆண்டுகளாக இருந்துவந்த வழக்கம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கரடி பாறையை நக்கும் படங்கள் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நக்கி முடித்துவிட்டுத் தன் வழியில் கிளம்பும்போது, புதர் ஓரத்தில் மண்ணை மோந்து பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருங்கள். படம் என்றால் அதுதான் படம்.

இதைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு பலாச்சுளையைப் பாதையில் வைத்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே, இரை வைத்து விலங்கை வரவழைப்பதும் அடங்கும். தேன்கரடி அந்தச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலான அட்டவணை 1-ல் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. கையில் துப்பாக்கி இல்லை, கேமராதான் இருந்தது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

கபினி, பந்திப்பூர், பி.ஆர்.டி. (பிலிகிரிரங்கன) மலையில் கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் அதிர்ஷ்டம் வேண்டும். கரடியை மட்டும் மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான். கிடைத்தால், பசுமையான காட்டின் நடுவே கிடைக்கும். தரோஜியின் செம்பாறைக்கு அது வேறு அழகு. சஃபாரி நடக்கிறதா, கேமரா கட்டணம் எவ்வளவு என்று புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். லென்ஸின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும்.

ராமநகரம், சாவனதுர்கா, தேவராயனதுர்கா மலைகளிலும் கரடி இருக்கிறதே. அங்கே நடந்துபோய் எடுத்தால் என்ன?

வேண்டாம். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளிலேயே உயிர்போகும் கேள்வி இதுதான்.

இந்த மலைகள் பெங்களூரிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். சூரிய உதயம் பார்க்க விடிகாலை 4 மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு ஏறுகிறோம். கரடி இரவெல்லாம் கரையான் புற்றைத் தோண்டித் தின்றுவிட்டு, குகைக்குத் திரும்பும் நேரமும் அதுதான். மதியம் வெயில் தாங்காமல் பாறை இடுக்கில் நிழலுக்கு ஒதுங்குகிறோம். அது படுத்துத் தூங்கும் இடமும் அதுதான்.

இதற்கு மேல் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பறவை எடுத்துப் பழகியவர்கள் சத்தம் இல்லாமல் நடப்பார்கள், பச்சைப் புள்ளிச் சட்டை போடுவார்கள், தங்கள் வாடை விலங்குக்குப் போகாதபடி காற்றை எதிர்த்துப் போவார்கள். மானுக்கும் பறவைக்கும் இது நல்ல வித்தை. கரடியிடம் இதைவிட ஆபத்தான காரியம் கிடையாது. கரடிக்குக் கண் மங்கல். மூக்குதான் அதற்கு எல்லாம். புற்றுக்குள் மூக்கை விட்டு மண்ணை ஊதித் தள்ளி, கரையானை உறிஞ்சும்போது வாக்குவம் கிளீனர் போட்டதுபோல் ஒரு சத்தம் எழும். நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அந்தச் சத்தத்தில் நம் காலடி அதற்குக் கேட்காது. காற்று எதிர்ப்பக்கம் என்பதால் வாடையும் போகாது. கடைசியில் அது தலையைத் தூக்கும்போது பத்தடியில் ஓர் உருவம் நிற்கும். ஓடுவதா, பாய்வதா என்று யோசிக்க அதற்கு நேரம் இல்லை. பாய்ந்துவிடும்.

இந்த மலைகளில் ஏறுவதானால், வனத்துறை அனுமதித்த பாதையில், அனுமதித்த நேரத்தில், நாலு பேராகப் பேசிக்கொண்டே போங்கள். கரடிக்கு நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் அதுவே விலகிவிடும். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பக்கத்தில் கரடி இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

புதிதாகத் தோண்டிய புற்றுதான் முதல் அடையாளம். மேல்மண் காய்ந்து வெளுத்திருக்க, தோண்டிய குழியின் மண் மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தால் அது நேற்று இரவு வேலை. எச்சத்தில் கொன்றை விதையும் இலந்தைக் கொட்டையும் எறும்புத் துணுக்குகளும் கலந்திருக்கும். பின்னங்கால் தடம் மனிதக் காலடி போலவே இருக்கும். விரல்களுக்கு முன்னால் நகக்குறிகள் தள்ளி விழுந்திருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள். தடத்தைப் படம் எடுக்கக் குனிந்து உட்கார்ந்து கால் மணி நேரம் போக்குவதும் நல்லதல்ல.

புலியைவிடக் கரடிக்குப் பயப்பட வேண்டும் என்று கிராமத்தில் சொல்கிறார்களே?

அவர்கள் அனுபவத்தில் சொல்வது. மனிதனைக் கண்டால் புலி பெரும்பாலும் மறைந்துவிடும். திடீரென்று எதிர்ப்பட்டால் கரடியால் அப்படி நழுவ முடிவதில்லை. புலியும் யானையும் நடமாடும் காட்டில் காலம் காலமாக வாழ்ந்த பிராணி அது. ஓடித் தப்புவதைவிட, எதிர்த்து நின்று தப்புவதே அதன் சுபாவமாகிவிட்டது. பின்னங்காலில் எழுந்து நின்று, கத்தி, முன்னங்கால் நகத்தால் அறையும். மண்ணைத் தோண்டவென்றே வளர்ந்த, விரல்நீளத்துக்கு வளைந்த நகங்கள் அவை. அடிபட்டவர்களுக்குக் காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான்.

ஆனால் அது மனிதனைத் தின்ன வருவதில்லை. காலையில் சுள்ளி பொறுக்கப் போகிறவர், மாடு மேய்ப்பவர், ஒதுங்கப் போகிறவர் என்று வேறு வழியில்லாமல் காட்டுக்குள் போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். நாம் பொழுதுபோக்குக்காகப் போய்க் கரடியை மிரட்டிவிட்டு வந்தால், அதன் பலனை அடுத்த நாள் அனுபவிக்கப் போவது அந்த ஊர்க்காரர்தான். படம் எடுக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? செத்ததுபோல் படுத்தால் போதுமா?

அந்தக் கதை நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது: இரண்டு நண்பர்கள், ஒருவன் மரத்தில் ஏற, இன்னொருவன் மூச்சை அடக்கிப் படுக்க, கரடி மோந்து பார்த்துவிட்டுப் போகும். செத்ததைக் கரடி தொடாது என்பது தவறு. செத்த விலங்கின் இறைச்சியையும் அது சில நேரம் தின்னும். மரத்தில் ஏறுவதும் வீண். தேனுக்காகவும் பழத்துக்காகவும் மரம் ஏறும் பிராணி அது. ஓட்டத்திலும் நம்மை எளிதில் பிடித்துவிடும்.

தூரத்தில் பார்த்தால்: நில்லுங்கள். அது உங்களைக் கவனிக்கவில்லை என்றால், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். கவனித்துவிட்டது என்றால், தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசியபடி, அதைப் பார்த்தவாறே மெல்லப் பின்னால் நகருங்கள். குகைக்கும் அதற்கும் நடுவில் நின்றுவிடாதீர்கள். போக வழி விடுங்கள். எழுந்து நின்றால் உடனே தாக்கப் போகிறது என்று அர்த்தமில்லை. காற்றை மோந்து, எதிரே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளவும் எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள்.

பாய்ந்து வந்தால் ட்ரைபாட், பை, கைத்தடி என்று கையில் இருப்பதை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வையுங்கள். கீழே தள்ளிவிட்டால், குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் முகத்தின் பக்கவாட்டை மறையுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்ற வேண்டாம். அது தற்காத்துக்கொள்ளத்தான் தாக்குகிறது. எதிரில் அசைவு நின்றால் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். கதையில் வரும் நண்பன் பிழைத்ததற்குக் காரணம் சொல்வதானால் இதைத்தான் சொல்ல முடியும். அது போய்விட்டது என்று உறுதியாகும் வரை எழுந்திருக்காதீர்கள்.

பிறகு சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். 108-க்கு அழையுங்கள். சிறு கீறல் என்றாலும் சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ், டெட்டனஸ் ஊசிகள் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். மஞ்சளும் காப்பித்தூளும் அப்ப வேண்டாம்.

குட்டியை முதுகில் சுமந்து போகும் தாய்க்கரடியை எடுக்க ஆசை.

எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு. பெரும்பாலும் இரண்டு குட்டிகள் பிறக்கும்; தாயின் முதுகு முடியைப் பற்றிக்கொண்டு ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை சவாரி செய்யும். உலகக் கரடி இனங்களில் இப்படிக் குட்டியைச் சுமந்து திரிவதே தன் வழக்கமாகக் கொண்டது தேன்கரடிதான். கோபுரத்திலிருந்தோ சஃபாரி வண்டியிலிருந்தோ கிடைத்தால் எடுங்கள். தாய் நின்று திரும்பிப் பார்த்தால், குட்டிகள் சட்டென்று முதுகில் ஏறினால், நம்மால் அவை கலங்கிவிட்டன என்று புரிந்துகொண்டு டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். குட்டி இருக்கும் குகையைத் தேடிப்போவது படப்பிடிப்பு ஆகாது.

என்ன லென்ஸ்? என்ன செட்டிங்?

பாதுகாப்பு என்பது பாதி லென்ஸில்தான் இருக்கிறது. தரோஜிக் கோபுரத்திலிருந்து 400 மி.மீ.யில் கரடி சிறிதாகத்தான் விழும், 600 மி.மீ. வரை போகும் ஜூம் இருந்தால் நல்லது. பெங்களூரில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு வார இறுதிக்காக லட்ச ரூபாய் போட வேண்டியதில்லை. சஃபாரி வண்டியில் ட்ரைபாட் வைக்க இடம் இருக்காது. பீன் பேக் (தானியம் நிரப்பிய சிறு பை) ஒன்றைக் கம்பிமேல் வைத்து அதில் லென்ஸைத் தாங்குங்கள்.

கறுப்பு முடியில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "கரடி கறுப்பு, ஆகவே எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) குறை" என்ற பாடம் பாதிதான் உண்மை. கரடி ஃபிரேம் முழுக்க நிறைந்திருந்தால், கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்போது முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). தரோஜியில் நடப்பது நேர்மாறு. ஃபிரேமில் முக்கால்வாசி வெயில்பட்ட பாறை, ஓரத்தில் சின்னதாகக் கரடி. கேமரா பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும். கரடி, முடியே தெரியாத கறுப்புக் கட்டியாகிவிடும். அங்கே பாறையின் வெளிச்சம் வெளுத்துப்போகாத அளவுக்குக் கொஞ்சம் கூட்டி, ரா ஃபைலில் எடுத்து, பிறகு கணினியில் நிழல் பகுதியை வெளிச்சமாக்க வேண்டும். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துப் பழகுங்கள். வெயிலில் கேமராவின் திரையை நம்ப முடியாது.

கண் சிறியது, கறுப்புக்குள் கறுப்பு. ஆட்டோஃபோகஸ் அதில் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும். ஒற்றைப் புள்ளியை வைத்து, வெளிறிய மூக்கும் கறுப்பு முடியும் சேரும் எல்லையில் பிடியுங்கள். அங்கே சட்டென்று பிடிக்கும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும் வரை பொறுத்துப் பிறகு அழுத்துங்கள். நடக்கும் கரடிக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். உடம்பை உதறினால் 1/1000. அந்தி சாயும் நேரத்தில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-க்கு மேல் போகத் தயங்காதீர்கள். கொஞ்சம் குருணை விழுந்தால் பரவாயில்லை, ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. கோடையில் பாறையிலிருந்து எழும் அனலால் தூரத்துப் படம் நெளியும். அதற்கு எந்த லென்ஸாலும் வழியில்லை, வெயில் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

புற்றைத் தோண்டும்போது முகத்தைக் கவனியுங்கள். உதட்டைக் குழலாக நீட்டும், மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை இழுக்கிறது. புழுதி பறக்கும் அந்த நொடியைப் பக்கவாட்டு வெயிலில் எடுத்தால் அந்தப் பிராணியின் வாழ்க்கையையே எடுத்ததாகும்.

ஃபிளாஷ், ட்ரோன்?

இரண்டும் கூடாது. சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதே சட்டப்படி குற்றம். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிட்டால் கேமராவோடு சேர்த்துப் பறிமுதல் ஆகும்.

பன்னேர்கட்டாவில் கரடி மீட்பு மையம் இருக்கிறதே, அங்கே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் காட்டுக்கரடி என்று சொல்லிக் காட்டக்கூடாது. அங்கே இருப்பவற்றில் பல, கலந்தர் சமூகத்தார் தெருத்தெருவாக ஆட்டிப் பிழைத்தபோது மீட்கப்பட்டவை. வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு இந்தியா முழுவதும் 600-க்கும் மேற்பட்ட ஆட்டக்கரடிகளை மீட்டது. அந்த வரிசையில் கடைசிக் கரடி 2009-ல் பன்னேர்கட்டாவுக்குத்தான் வந்தது. நெருங்கி எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் மூக்கைப் பாருங்கள். காய்ச்சிய கம்பியால் துளைத்துக் கயிறு கோத்த தழும்பு தெரியும். அதை மறைக்கும் கோணம் தேடாமல், தெரியும்படி எடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும்: தெருவில் கரடி வந்தால் பிள்ளைகளை அதன் முதுகில் உட்காரவைப்பார்கள், பயம் தெளிய முடி பிடுங்கித் தாயத்துக் கட்டுவார்கள். இன்றும் கரடிமுடித் தாயத்து எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அதை வைத்திருப்பதே குற்றம். அதைவிட, அந்த ஒரு முடிக்காகத்தான் அந்த மூக்கில் கயிறு ஏறியது.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கே எப்படி?

விதிகள் வேறு, கரடிகளும் வேறு. யெல்லோஸ்டோனில் கரடியிடமிருந்து 91 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அலாஸ்காவின் கட்மாய் பூங்காவில், ஜூலையில் புரூக்ஸ் அருவியில் சால்மன் மீன் பிடிக்கும் பழுப்புக்கரடிகளை மேடையில் நின்று எடுக்கலாம். போய் இறங்கியதுமே கரடிப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அங்கே கற்ற தூரக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அது திறந்த வெளியில் பார்த்துக்கொண்டே இருக்கும் கரடிக்கு உரியது. நம் முள்புதரில் கரடி தெரியும்போது அது ஏற்கெனவே பக்கத்தில் இருக்கும்.

குழந்தைகளை அழைத்துப்போகலாமா?

தரோஜிக் கோபுரத்துக்குத் தாராளமாக. இரண்டு மணி நேரம் அமைதியாக இருக்கத் தெரிந்த பிள்ளை என்றால் போதும். ஒரு பைனாகுலர் வாங்கிக்கொடுங்கள்.

நல்ல படம் கிடைத்துவிட்டது. வெளியிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். தரோஜி, கபினி என்று சொல்வதில் தவறில்லை. அவை காவல் உள்ள இடங்கள். ஆனால் ராமநகரம் பக்கம் மலையேறும்போது தற்செயலாகக் கரடி தென்பட்டு, தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டால், மலையின் பெயரைப் போடாதீர்கள். அடுத்த ஞாயிறு ஐம்பது பேர் அங்கே போய் நிற்பார்கள். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் கரடி வரும்போது, கைபேசியோடு கூட்டம் சூழ்ந்தால் அது எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாமல் தவிக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். குகை வாசலும் புதிய காலடித் தடமும் தெரியும் படம் இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு மட்டும் கொடுங்கள். அந்தப் பாதையில் ஏறுகிறவர்களைத் திருப்பிவிட அவர்களுக்கு உதவும்.